எண்ணெய்க்கு இறங்குமா, தண்ணிக்கு இறங்குமா? பூ, காய், இலையில் இருந்து நிறம் எடுக்கும் கைமுறை

கேரட்டைத் துருவித் தண்ணியில் போட்டுக் கொதிக்கவிட்டு, "தண்ணி வெளிறியே கிடக்கே" என்று கேட்கிறவர்கள் உண்டு. பீட்ரூட்டை நெய்யில் வதக்கி, "நெய் சிவக்கவே மாட்டேங்குதே" என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். காயை மாற்ற வேண்டாம், சட்டியில் ஊற்றுகிறதை மாற்றுங்க. கேரட்டின் நிறம் எண்ணெய்க்கு இறங்கும், பீட்ரூட்டின் நிறம் தண்ணிக்கு இறங்கும். இதை அறியாமல் எத்தனை நேரம் கொதிக்கவிட்டாலும் கேஸ்தான் செலவு.

நான் செங்கோட்டையில் இடியாப்ப மாவும் புட்டு மாவும் வறுத்து அரைத்துக் கொடுக்கிறவள். கிரகப்பிரவேசம், பிறந்தநாள், ஓணம் என்றால் கலர் இடியாப்பம், கலர் புட்டு, கேசரி எல்லாம் செய்தும் கொடுப்பேன். புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை ஆர்டர் போகும். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. அதனால் எங்கள் அடுக்களையில் சொதியும் இருக்கும், பச்சடியும் இருக்கும். ஊருக்குள்ளே எனக்கு மதினி என்று பேர், மலைக்கு அந்தப் பக்கம் சேச்சி. "சேச்சி, நீல இடியப்பம் கிட்டுமோ?" என்று போன் வரும். கிட்டும். பாக்கெட் கலர் இல்லாமலே கிட்டும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாலு கிண்ணம்

புதிதாக ஒரு பூவோ பழமோ கையில் கிடைத்தால் நேராக மாவில் கலக்காதீங்க. நாலு கிண்ணம் எடுத்து வையுங்க. ஒன்றில் வெறும் வெந்நீர். ஒன்றில் சூடுகாட்டிய தேங்காயெண்ணெய். ஒன்றில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர். ஒன்றில் கால் ஸ்பூன் ஆப்பச்சோடா கரைத்த வெந்நீர். இதழையோ தோலையோ நன்றாகக் கசக்கி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போட்டுப் பத்து நிமிஷம் விட்டுப் பாருங்க.

எண்ணெய் மட்டும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறி, தண்ணி அப்படியே நின்றால் அது கரோட்டினாய்டு. தண்ணியில் நிறம் இறங்கி, எலுமிச்சையில் சிவந்து, சோடாவில் நீலம் பச்சை என்று ஓடினால் ஆந்தோசயனின். தண்ணியில் நிறம் இறங்கி, எலுமிச்சை விட்டாலும் பெரிதாக அசையாமல் அதே ரோஸ் நிறத்தில் நின்றால் பீட்டாலெய்ன். இலைப் பச்சைக்கு மட்டும் வெந்நீர் போதாது, அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சைக் கிண்ணத்தில் இலை காய்ந்த ஆலிவ் மாதிரி மங்கும், சோடாக் கிண்ணத்தில் பளிச்சென்று பச்சையாக நிற்கும். அது குளோரோபில்.

கடையில் வாங்குகிற காய், முற்றத்தில் பூக்கிற பூ, இதில் பெரும்பாலானவை இந்த நாலுக்குள் அடங்கிவிடும். அடங்காமல் திமிறுகிற இரண்டு மூன்று இருக்கிறது. மஞ்சளும் பதிமுகம் என்கிற மரச்சிம்பும் அந்தச் சாதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. கிண்ணத்தில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க, அது போதும்.

பீட்ரூட்டும் அதன் பங்காளிகளும்

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். "பிசையும்போது அப்படி ஒரு ரோஸ். அவித்து எடுத்தால் பழுப்பாக வருது. ஏன் மதினி?"

பீட்டாலெய்னுக்குச் சூடு ஆகாது. வெளிச்சமும் ஆகாது, காற்றும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க அது உடைந்து பழுப்பு மஞ்சளாகிவிடும். ஆனால் லேசான புளிப்பு அதற்குப் பிடிக்கும். தயிர், மோர், எலுமிச்சை அளவுக்கு உள்ள புளிப்பில் அது கெட்டியாக நிற்கும். எங்கள் அத்தை புனலூர்க்காரர். அவர் வைக்கிற பீட்ரூட் பச்சடியில் இதுவரை ஒரு நாளும் நிறம் மங்கிப் பார்த்ததில்லை. அவருக்கு ரசாயனம் எல்லாம் தெரியாது. பீட்ரூட்டைத் துருவிக் கொஞ்சமே தண்ணி விட்டு, மூடிவைத்து வேகவிடுவார். தேங்காயும் கடுகும் பச்சைமிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவார். சட்டி கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் தயிர். "திளைக்கும்போ தைரு ஒழிக்கல்லே", கொதிக்கும்போது தயிர் ஊற்றாதே என்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான். தயிர் திரியக் கூடாது என்பதற்காக அவர் சொன்னது, நிறத்துக்கும் அதுவே காவல்.

இடியாப்பத்துக்கு வருவோம். கால் கிலோ பீட்ரூட்டைத் தோல் சீவித் துண்டாக்கி, அரை டம்ளர் தண்ணி விட்டு மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழியுங்க. வேகவைத்து அரைக்காதீங்க, பச்சையாகவே அரையுங்க. சாற்றில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்க. மாவுக்கு எப்போதும் ஊற்றுகிற கொதிநீரில் பாதியை முதலில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, சூடு கொஞ்சம் அடங்கின பிறகு பீட்ரூட் சாற்றை ஊற்றிப் பிசையுங்க. உங்களுக்கு எந்த ரோஸ் வேண்டுமோ அதைவிட ஒரு மடங்கு கூடுதலாக மாவு சிவந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன வட்டமாகப் பிழிந்தால் ஐந்தாறு நிமிஷத்தில் வெந்துவிடும். தடிமனாகப் பிழிந்து கால் மணி நேரம் அவித்தால் என்ன வித்தை செய்தாலும் நிறம் நிற்காது.

ஒன்று கவனியுங்க. தட்டில் இருந்து எடுக்கும்போது மங்கலாக இருந்த இடியாப்பம் ஆறின பிறகு கொஞ்சம் தெளிந்து வரும். கண்ணின் ஏமாற்று இல்லை அது. சூட்டில் இரண்டாக உடைந்த பீட்டாலெய்னில் ஒரு பங்கு, புளிப்பு இருந்து சூடும் ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதனால் அடுப்படியில் நின்று பதறிப்போய் மறுபடியும் சாறு தெளிக்க வேண்டாம்.

இந்த நிறத்தின் பங்காளிகளைத் தெரிந்து வைப்பது நல்லது. சிவப்புத் தண்டுக்கீரை, அந்தப் பக்கம் தோரன் வைக்கிற சுவன்ன சீரை, பசலைக்கொடியின் கறுத்த பழம், சப்பாத்திக்கள்ளிப் பழம், டிராகன் பழத்தில் உள்ளே சிவந்த வகை. பூவில் வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, பத்துமணிப்பூ, காகிதப்பூ. ஓணத்துக்கு அத்தப்பூக் களம் போட வாடாமல்லி மூட்டை மூட்டையாக மலை ஏறுகிறதே, அந்த ஊதாவும் பீட்ரூட்டின் ரோஸும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பீட்டாலெய்ன் இருக்கிற செடியில் ஆந்தோசயனின் இருக்காது, ஆந்தோசயனின் இருக்கிற செடியில் பீட்டாலெய்ன் இருக்காது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்ட செடியை இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை. ஆகவே ஒரு பூ இந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி கேட்க வேண்டியதில்லை.

பங்காளிகளில் எனக்குப் பிடித்தது சப்பாத்திக்கள்ளிப் பழம். சுரண்டை, சாம்பவர்வடகரைப் பக்கத்து வேலியோரங்களில் கிடைக்கும். முள்ளைப் பார்த்து எடுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பஞ்சு முள்தான் மோசம். இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் காட்டிப் பொசுக்கி, கரகரத்த துணியால் துடைத்துவிட்டுப் பிளந்தால் சதையில் மருதாணியே தோற்றுப்போகிற சிவப்பு. விதையை வடிகட்டிவிட்டு அந்தச் சாற்றை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்தால், சர்பத்துக்கு ஒரு கட்டி போதும். பீட்ரூட்டில் வருகிற மண் வாடை இதில் கிடையாது.

பீட்ரூட் சாப்பிட்ட அடுத்த நாள் சிலருக்குச் சிறுநீர் ரோஸாகப் போகும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் காலையில் ஆறு மணிக்கு அழுதுகொண்டே போன் வரும்.

சங்குப்பூ, செம்பருத்தி, நாவல்: புளிப்புக்கு ஆடுகிற நிறம்

ஆந்தோசயனின் பச்சோந்தி. புளிப்பில் சிவப்பு, நடுவில் ஊதா, ஆப்பச்சோடா மாதிரிக் காரத்தில் நீலம், இன்னும் காரம் ஏறினால் பச்சை, கடைசியில் மஞ்சளாகிச் செத்துப்போகும். வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1664-லேயே எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளால் செய்கிற சோதனையை நம் முற்றத்துச் செம்பருத்தியால் செய்யலாம்.

செம்பருத்தியில் ஐந்து இதழ் சிவப்பை எடுங்க. அடுக்கு வேண்டாம் என்று இல்லை, ஒற்றையில் நிறம் நன்றாக இறங்குகிறது என்பது என் அனுபவம். காம்பு, நடுத்தண்டு, மகரந்தம் எல்லாம் கிள்ளிவிட்டுப் பத்துப் பதினைந்து பூவின் இதழை ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டு அடுப்பை அணைத்துவிடுங்க. கொஞ்ச நேரத்தில் இதழ் வெளிறித் துணி மாதிரி ஆகும், தண்ணி கலங்கிய ஊதாவாக இருக்கும். பார்க்கவே பிடிக்காது. அங்கேதான் நிறையப் பேர் கீழே கொட்டிவிடுகிறார்கள். வடிகட்டி அரை மூடி எலுமிச்சை பிழியுங்க. பிழிகிற இடத்தில் இருந்து ஒரு சிவப்பு நூல் ஓடி, ஒரு கலக்குக் கலக்கினதும் டம்ளர் முழுக்க மாணிக்கச் சிவப்பாகும். சர்க்கரைப் பாகோடு சேர்த்தால் சர்பத்.

தண்ணி எங்கே பிடித்தது என்பதும் இதில் பேசும். எங்களுக்கு மலைத்தண்ணி, உப்பு இல்லை. கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போர் தண்ணியில் செய்கிறவர்களுக்கு அதே பூ நீலம் கலந்த சாம்பலாக இறங்கும். தண்ணியில் காரம் கூடுதல், அவ்வளவுதான். கொதிக்க வைக்கும்போதே நாலு சொட்டு எலுமிச்சை விட்டுக்கிடுங்க. இரும்புச் சட்டி, அலுமினியச் சட்டி இரண்டும் வேண்டாம். உலோகத்தோடு சேர்ந்து நிறம் கறுக்கும். எவர்சில்வரோ மண்சட்டியோ கண்ணாடியோ போதும்.

நீல இடியாப்பத்துக்குச் சங்குப்பூதான். சங்குப்பூவின் நீலமும் ஆந்தோசயனின்தான். ஆனால் அதன் அணுக்கட்டு மற்றதைவிடக் கனமானது, சூட்டுக்கும் லேசான புளிப்புக்கும் சீக்கிரம் அசையாது. செம்பருத்தி நிறமிழக்கிற இடத்தில் இது நீலமாகவே நிற்கும். புதுப்பூ இருபது, இருபத்தைந்து எடுத்துப் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் கொதிநீரில் ஐந்து நிமிஷம் போட்டு வையுங்க. காம்போடு போட்டால் நீலத்தில் ஒரு பச்சைக் கலங்கல் வரும். வடித்த நீரை மறுபடி கொதிக்கவிட்டு மாவில் ஊற்றிப் பிசையலாம். பீட்ரூட்டுக்குச் சொன்ன பயம் எதுவும் இதற்கு வேண்டாம். பரிமாறும்போது ஒரு துண்டு எலுமிச்சையை ஓரமாக வையுங்க. பிள்ளைகள் பிழிந்து ஊதாவாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடும்.

நாவல்பழம், கவுனி அரிசி, ராசவள்ளிக்கிழங்கு, கத்தரித் தோல், மாமரத்தின் இளந்தளிர் எல்லாம் இதே கூட்டம். கவுனி அரிசி ஊறவைத்த தண்ணியைக் கீழே கொட்டாதீங்க. அதிலேயே வேகவிட்டால் பாயசம் அழகாக ஊதா பிடிக்கும். ராசவள்ளியை அவித்து மசித்துத் தேங்காய்ப்பால் விடுகிறவர்கள் கடைசியில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்க, சாம்பல் ஊதா ரோஸ் ஊதாவாகத் திரும்பும். கத்தரிக்காயின் ஊதா குழம்பில் கரைந்து போவதும் இதனால்தான். தண்ணியில் கரைகிற நிறம் தண்ணியில் கரையத்தான் செய்யும். முதலில் சூடான எண்ணெயில் தோல் பக்கமாக ஒரு வதக்கு வதக்கிவிட்டுப் புளித்தண்ணியில் போட்டால் பெரும்பங்கு நிற்கும்.

கேரட் நெய், செண்டுமல்லி எண்ணெய்

கேசரிக்குக் கலர்பொடி இல்லாமல் செய்து தரச் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி இருக்கிறது என்று தமிழ்நாட்டில் தடை போட்டார்களே, அதற்குப் பிறகு இன்னும் அதிகம். ரோடமின்-பி துணிக்குப் போடுகிற சாயம், தின்பண்டத்துக்கு எந்த அளவிலும் அனுமதி இல்லை. அனுமதி உள்ள செயற்கைக் கலருக்கும் பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஒரு சிட்டிகை என்று சொல்லிக் கரண்டி நுனியில் அள்ளிப் போடுகிறவர்கள் அதை எங்கே நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

கேரட் நெய் இப்படி. கால் கிலோ சிவந்த கேரட்டைப் பொடியாகத் துருவி, 200 மில்லி நெய்யில் போட்டுச் சிறு தீயில் வையுங்க. முதலில் சலசலவென்று சத்தம் வரும். அது கேரட்டின் ஈரம் போகிற சத்தம். சத்தம் அடங்க அடங்க நெய் ஆரஞ்சாகும். சத்தம் முழுக்க நின்று, துருவல் சுருண்டு, இன்னும் கருகாத அந்த இடத்தில் இறக்கி வடிகட்டுங்க. அடுத்த நிமிஷம் தாண்டினால் கேரட் கருகி நெய் கசக்கும். ஈரம் மிச்சம் இருந்தால் நெய் கெட்டுப்போகும். இந்த நெய்யில் ரவையை வறுத்தால் கேசரி தானே நிறம் பிடிக்கும். துருவலை வீணாக்காமல் சர்க்கரை போட்டுக் கிளறிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன்.

கரோட்டின் என்ற பொருளை 1831-ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மன்காரர் பிரித்தெடுத்ததே கேரட்டில் இருந்துதான். கரோட்டினாய்டுக்குச் சமையல் சூடு அவ்வளவாகப் பகை இல்லை, சொல்லப்போனால் வெந்தால்தான் காயின் செல்லை விட்டு வெளியே வரும். தக்காளியை எண்ணெயில் வதக்க வதக்கக் குழம்பு மேலே செக்கச்செவேல் என்று எண்ணெய் மிதப்பது அதில் இருக்கிற லைக்கோப்பீன். அதற்குப் பகை வெளிச்சமும் காற்றும். வத்தல் பொடியைக் கண்ணாடிப் பாட்டிலில் ஜன்னலோரம் வைத்தால் நாளாக ஆக வெளுப்பது அதனால்தான்.

பூசணி, பப்பாளி, மாம்பழம், நேந்திரங்காய், செவ்வாழையின் சதை எல்லாம் இந்தக் குடும்பம். செவ்வாழையின் தோல் மட்டும் ஆந்தோசயனின். ஒரு பழத்தில் தோல் ஒரு வகை, சதை ஒரு வகை. சாப்ரா விதை கிடைத்தால் விடாதீங்க. முள்முள்ளாகக் காய்த்து, வெடித்தால் உள்ளே செங்கல் நிறத்தில் விதை ஒட்டியிருக்கும். வெண்ணெய்க்கும் சீஸுக்கும் உலகம் பூராவும் நிறம் கொடுப்பது இதுதான். ஒரு ஸ்பூன் விதையை நாலு ஸ்பூன் எண்ணெயில் லேசான சூட்டில் புரட்டினால் சட்டென்று ஆரஞ்சு இறங்கும். எண்ணெய் புகைகிற அளவுக்குச் சூடேற்றினால் பழுப்புதான் மிஞ்சும்.

செண்டுமல்லியில் இருப்பது லூட்டின். கோழித்தீவனத்தில் இதைக் கலந்துதான் மஞ்சள்கருவைச் சிவப்பாக்குகிறார்கள். வீட்டில் கோழி வளர்க்கிறவர்கள் காய்ந்த இதழைத் தவிட்டோடு கலந்து போட்டுப் பாருங்க, கொஞ்ச நாளில் கருவே சொல்லும். நான் இதன் எண்ணெயைச் சோப்புக்கும் விளக்கு மெழுகுக்கும்தான் எடுக்கிறேன். இதழை நிழலில் சருகாகக் காயவைத்து, தேங்காயெண்ணெயில் மூழ்கப் போட்டு, கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள் அந்தக் கிண்ணத்தை வைத்து அரை மணி நேரம் சூடு காட்டினால் போதும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சந்தையில் வாங்கின செண்டுமல்லியை வாய்க்குப் போகிற எதிலும் சேர்க்காதீங்க. மாலைக்கும் களத்துக்கும் வளர்த்த பூவுக்கு மருந்து அடிக்கும்போது யாரும் நாக்கை நினைத்து அடிப்பதில்லை. தின்கிற பூ உங்கள் தொட்டியில் பூத்ததாக இருக்கட்டும். அரளி, ஊமத்தை, செங்காந்தள், மஞ்சள் அலமண்டா இதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுக்களைப் பக்கமே வரக் கூடாது.

இந்தக் குடும்பத்தில் தண்ணிக்கு இறங்குகிறது குங்குமப்பூ மட்டும்தானே என்பார்கள். பவளமல்லிக் காம்பும் இறங்கும். விடியக் காலையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி, வெள்ளை இதழைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் நிழலில் காயவையுங்க. குங்குமப்பூவில் இருக்கிற அதே வகை நிறம்தான் இதிலும் இருக்கிறது. பழைய நாளில் பட்டுக்குச் சாயம் போட இதைப் பயன்படுத்தினார்கள். நான் பரிசு வைத்துக் கொடுக்கிற துணிப்பையை நனைத்து நிறம் ஏற்ற எடுத்துக்கொள்கிறேன்.

பச்சை

குளோரோபில்லின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது கழன்றுகொள்ளும், இலை ஆலிவ் பழுப்பாகும். இந்தப் பச்சையின் அமைப்பைத் துருவியதற்காக வில்ஸ்டாட்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளருக்கு 1915-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நமக்கு அதில் இருந்து கிடைக்கிற பாடம், அவியலில் மாங்காயோ தயிரோ கடைசியில்தான் சேர வேண்டும் என்பது. முதலிலேயே போட்டால் பீன்ஸும் முருங்கையும் ஒரே நிறமாகிவிடும். கீரையைத் திறந்தே வேகவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. காயில் இருக்கிற அமிலத்தில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும், மூடினால் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும்.

சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் காய் குழைந்துபோகும், பி விட்டமினில் ஒன்றான தயமினும் போய்விடும். செம்புப் பாத்திரத்தில் ஊறுகாய் பச்சையாக இருக்கும் என்பதும் உண்மைதான், மெக்னீசியம் போன இடத்தில் செம்பு போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் செம்பு வயிற்றுக்குள் போகிறதே? ஈயம் பூசாத செம்பில் புளிப்பு வைக்காதீங்க.

பச்சை நிறத்தைத் தனியாகக் கெட்டியாக எடுக்க நான் செய்வது இது. இரண்டு கட்டுப் பாலக்கீரையை நிறையத் தண்ணி விட்டு அரைத்து வடிகட்டுங்க. வடித்த பச்சைத் தண்ணியைச் சிறு தீயில் வைத்துக் கிளறாமல் பாருங்க. கொதி வர வேண்டியதில்லை. ஓரத்தில் ஆவி எழும்பும்போதே பச்சை திரிதிரியாகப் பிரிந்து மேலே வரும், அடியில் தண்ணி தேயிலைத் தண்ணி மாதிரித் தெளியும். கீரையின் புரதம் சூட்டில் உறையும்போது பச்சையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. உடனே மெல்லிய துணியில் ஊற்றி, மேலே குளிர்ந்த தண்ணி விட்டு அலசி வடியவிடுங்க. துணியில் நிற்பது இரண்டு ஸ்பூன் இருக்கும். அந்த இரண்டு ஸ்பூன் அரைக் கிலோ மாவுக்குப் போதும், கீரை வாடையும் பெரும்பாலும் தண்ணியோடு போய்விடும்.

பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் ஒரு வேடிக்கை. ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிச் சானிடைசர் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றை ஒரு மூடியில் ஊற்றி நடுவில் கரும்பலகைச் சாக்கட்டியை நட்டமாக நிறுத்துங்க. சாறு சாக்கில் ஏற ஏறப் பச்சை ஒரு பட்டையாகவும், மஞ்சள் அதைத் தாண்டி ஒரு பட்டையாகவும் பிரியும். இலைக்குள்ளே மஞ்சளும் கூடவே இருந்திருக்கிறது, பச்சை மூடியிருந்தது. மிகைல் ஸ்வெட் என்ற தாவரவியலாளர் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாயில் இதைத்தான் செய்து பார்த்து, 1906-ல் அந்த முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பேர் வைத்தார். அடுப்புப் பக்கத்தில் செய்யாதீங்க, ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும்.

திமிறுகிற இரண்டு

ஆரத்தி கரைக்கிற வீட்டில் மஞ்சளின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும். குர்குமின் எண்ணெயில் கரையும், தண்ணியில் மிதந்து அடியில் தங்கும். மஞ்சள் இடியாப்பம் திட்டுத்திட்டாக வராமல் இருக்க, பொடியை ஒரு ஸ்பூன் சூடான தேங்காயெண்ணெயில் குழைத்துவிட்டுக் கொதிநீரில் சேருங்க. மாவில் ஆப்பச்சோடா இருந்தால் மஞ்சள் சேர்க்காதீங்க, செங்காவி அடித்த மாதிரி வரும்.

பதிமுகம், அதான் புனலூர் ஓட்டலில் உட்கார்ந்ததும் வைக்கிற ரோஸ் வெந்நீர், செம்பருத்திக்கு நேர் எதிர். எலுமிச்சை விட்டால் மஞ்சளாகும், சோடா விட்டால் இரத்தச் சிவப்பாகும். நாலைந்து சிம்பு ஒரு லிட்டருக்குப் போதும். ரோஸ் பால்பாயசம் வைக்க இதை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்புங்க, நான் வைத்திருக்கிறேன். பாலில் புளிப்பு ஏறாமல் பார்த்துக்கிட்டால் போதும்.

எடுத்ததை வைத்திருப்பது

தண்ணி நிறத்தை ஐஸ் கட்டியாக, எண்ணெய் நிறத்தைக் கறுப்புப் பாட்டிலில், பொடியைக் காற்றுப் போகாத எவர்சில்வர் டப்பாவில். இதற்கு மேல் ரகசியம் இல்லை. காயவைக்கிற மாதத்தில்தான் சூது இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது எங்கள் ஊரில் அப்பளமே நமத்துப்போகும், பூ எங்கே காய? சங்குப்பூவையும் பவளமல்லிக் காம்பையும் பங்குனி, சித்திரையில் நிழலில் காயவைத்து முடித்துவிட வேண்டும். விரல் நடுவில் தேய்த்தால் மொறமொறவென்று பொடியாக வேண்டும். மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும்.

வேலை முடிந்து கறையைப் பார்க்கும்போதும் அதே நாலு கிண்ணக் கணக்குதான். பீட்ரூட் கறைக்கு உடனே பச்சைத்தண்ணி. நாவல் கறைக்கு முதலில் சோப்பு போட்டால் நீலமாகிப் பிடித்துக்கொள்ளும், எலுமிச்சை தேய்த்து அலசிவிட்டுப் பிறகு சோப்பு. கேரட் நெய் பட்டால் பாத்திரம் கழுவுகிற திரவத்தை நேராக விட்டுக் கசக்க வேண்டும். மஞ்சள் கறை பட்ட வெள்ளை வேட்டி சோப்பு பட்டதும் சிவக்கும், பதறாதீங்க. நன்றாக அலசிவிட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் கறைப்பக்கம் மேலே தெரிய விரித்துப் போடுங்க. வெயிலில் குர்குமின் தானே வெளுத்துவிடும். சாரல் நாளாக இருந்தால் வெயில் வருகிற வரைக்கும் அலசி உலர்த்தி மடித்து வையுங்க, அதற்குள் இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீங்க.